ஜப்திக்கு எட்டாதவை

கடன் வழக்கில் ஜெயித்தவருக்கு நீதிமன்றம் பணத்தைத் தருவதில்லை, டிக்ரியைத் தருகிறது. அந்தக் காகிதத்தைப் பணமாக்க அவர் மறுபடியும் படியேற வேண்டும், இந்த முறை ‘ஈ.பி.’ என்று நீதிமன்ற வளாகங்களில் எல்லோரும் சொல்லும் நிறைவேற்று மனுவோடு. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே சலித்துக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு நில வழக்கில் 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தேங்கிக் கிடக்கும் ஈ.பி.க்களின் கணக்கை எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கேட்டது. வந்த கணக்கு நாடு முழுவதும் 8.8 லட்சத்துக்கு மேல். ஆறு மாதத்தில் ஈ.பி.யை முடிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2021இலேயே சொல்லியிருந்தது.

தாமதத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. தாமதமே இல்லை, அமீனா நாளைக் காலையே வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? பதில் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் இருக்கிறது. கடனாளிக்குச் சொந்தமான, விற்கக்கூடிய எல்லாமே ஜப்திக்கு உரியவை என்று தொடங்கி, உடனே ஒரு நீண்ட விலக்குப் பட்டியலைப் போடுகிறது அந்தப் பிரிவு. பட்டியல் ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் அது வேறு மாதிரி பேசுகிறது. அதைக் கேட்க நான் தேர்ந்துகொண்ட ஊர், இந்தியாவின் தென்கோடித் தீவான பெரிய நிக்கோபாரில் இருக்கும் கேம்பல் பே.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து, வழியில் தீவு தீவாக நின்று போகும் கப்பலில் இரண்டு மூன்று நாள் பயணம். 1969இலிருந்து சுமார் பத்தாண்டுக் காலத்தில் முன்னாள் படைவீரர்களின் முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களை அரசு இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. பஞ்சாபிகள் அதிகம், மராட்டியர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் கலந்தவர்கள். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கிழக்குக் கரையோரம் ஊர்கள் வரிசையாக எழுந்தன. பின்னால் கடைக்காரர்கள் வந்தார்கள், அரசு ஊழியர்கள் வந்தார்கள், அந்தமானில் ‘டி.ஆர்.எம்.’ என்று சொல்லப்படும் தினக்கூலித் தொழிலாளர்கள் வந்தார்கள். 2012இல் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படைத் தளம் வந்தது. 2004 சுனாமியில் கரையோர ஊர்களை இழந்த நிக்கோபாரியர் ராஜீவ் நகர், நியூ சிங்கென் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். உள்காட்டில் ஷோம்பென் மக்கள். 60ஆவது பிரிவை இந்த ஊரின் மேல் விரித்துப் பார்த்தால், ஊரில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு விலக்கின் நிழலில் நிற்பது தெரியும். நிழல் கிடைக்காத சிலர் யார், நிழலுக்குள் இருப்பவர்களிடம் கடன் கொடுப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் என் ஆர்வம்.

முதலில் அடுப்படி. ‘அண்டா குண்டாவைக் கூட விடமாட்டான்’ என்ற பயம் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. நிலவரி வசூலின் பழைய நினைவு அது. சிவில் கடனுக்கு அண்டாவைத் தூக்க முடியாது. கடனாளி, மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு அவசியமான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை எல்லாம் விலக்கு. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையும் விலக்கு; தாலி அதனால்தான் தப்பிக்கிறது. கிறிஸ்தவப் பெண்ணின் ‘மின்னு’த் தாலியும் இந்த வாசகத்துக்குள் அடங்கும். பெண்ணுக்கு மட்டும் சொல்லப்பட்டிருப்பதால் கேம்பல் பேயின் சீக்கியக் கிழவர் தன் கையிலிருக்கும் கடாவை இந்த வரியைக் காட்டிக் காப்பாற்ற முடியாது. எஃகு வளையத்தை ஏலத்தில் கேட்க யாரும் இல்லை என்பதே அவருக்குப் போதுமான பாதுகாப்பு. ஃபிரிட்ஜ், டிவி, ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் எதுவும் பட்டியலில் இல்லை. மனைவியின் சீர்ப் பொருளும் அவர் பெயரில் இருக்கும் நகையும் கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது. ஆனால் அமீனா எடுத்துவிட்டால், அது என்னுடையது என்று மனைவி தனியே மனுப் போட்டுத்தான் மீட்க வேண்டும்.

வீடும் நிலமும் வரும் இடத்தில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: விவசாயியின் நிலத்தை ஜப்தி செய்ய முடியாது என்பது. முடியும். விலக்கு பெற்றவை விவசாயி குடியிருக்கும் வீடு, அதை ஒட்டிய இடம், உழவுக் கருவிகள், பிழைப்புக்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைத் தானியம். வயல் விலக்கு இல்லை. மரத்தில் நிற்கும் மகசூலைக் கூட, ஜப்தி உத்தரவின் நகலைத் தோட்டத்தில் ஒட்டிவிட்டுப் பிடிக்க விதி உண்டு. கேம்பல் பேயின் தென்னையும் பாக்கும் இதில் வரும்.

இந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு கலவரத்தின் நிழல் இருக்கிறது. 1875இல் பூனா, அகமதுநகர் பகுதி விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். 1879இல் தக்காண விவசாயிகளுக்கென்று தனி நிவாரணச் சட்டம் வந்தது. 1882ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 266ஆவது பிரிவில் விவசாயி குடியிருக்கும் வீட்டின் கட்டுமானப் பொருள்களுக்கு விலக்கு தெரிகிறது. 1908இல் அது வீடாக விரிந்தது. 1976 திருத்தத்தில் கூலித் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். அதோடு கதவு சாத்தப்பட்டுவிட்டது. தானே உழுது, பெரும்பாலும் அந்த வருமானத்திலேயே பிழைப்பவர்தான் விவசாயி என்று சட்டம் விளக்கம் தருகிறது. கடலில் வலை வீசுகிறவர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், தையற்கடைக்காரர் யாருடைய வீட்டுக்கும் விலக்கு இல்லை. தையற்காரரின் தையல் இயந்திரத்துக்குக் ‘கைவினைஞரின் கருவி’ என்று வாதாட இடமுண்டு. மீனவரின் டுங்கிப் படகையும் அதன் இஞ்சினையும் அப்படி வாதாடலாம். ஜெயிப்பது நீதிபதியைப் பொறுத்தது. ஒரு தீவுக்கூட்டம் முழுவதற்கும் பொருந்தும் சட்டத்தில் ஏர் இருக்கிறது, படகு இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கேம்பல் பேயின் சீக்கியக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு வினோதம். பஞ்சாப், ஹரியானாவில் 60ஆவது பிரிவுக்கு மாநிலத் திருத்தம் உண்டு. 1930களின் கடன் நிவாரண அலையில் உருவான அந்தத் திருத்தப்படி, விவசாயி அல்லாதவருக்கும் குடியிருக்கும் முக்கியமான வீடு ஒன்று விலக்கு. அந்தக் கடனுக்கே வீட்டை ஈடு வைத்திருந்தால் மட்டும் செல்லாது. விவசாயியின் கறவை மாடும், வண்டி மாடும், வைக்கோல் போரும் சாணக் குவியலும் இருக்கும் களமும் கூடப் பாதுகாப்பில் வரும். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி லூதியானாவில் கடை வைத்துக் கடனாளியானால் அவர் வீடு பிழைக்கும். தீவுக்கு வந்து உழவை விட்டுக் கடை வைத்த அண்ணனின் வீடு பிழைக்காது. நாட்டின் எல்லைக்குப் போய்க் குடியேறச் சொன்ன அரசு, ஊர்ச் சட்டத்தின் இந்தத் துண்டை மூட்டையில் கட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் அண்ணனுக்கு வேறொரு வேலி கிடைத்துவிட்டது, அதுவும் யாரும் அவருக்காக யோசித்துப் போட்டதல்ல. அந்தமான் நிக்கோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை 1966இல் வந்தது. அதன்படி தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம். குடியேறியவர் கையில் இருப்பது அனுபவ உரிமையோ உரிமமோதான். கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 60ஆவது பிரிவின் அடிப்படை என்ன? கடனாளி தானே விற்கக்கூடியதைத்தான் நீதிமன்றமும் விற்கலாம். அவர் கையில் இருப்பது எந்த அளவுக்கு விற்கத்தக்கதோ அந்த அளவுக்குத்தான் ஏலத்துக்கும் வரும். தஞ்சாவூரில் ஒரு வேலி நஞ்சைக்கு டிக்ரிதாரர் போடும் கணக்கு கோவிந்த் நகரில் செல்லுபடியாகாமல் போவது இதனால்தான்.

குடியேற்றப் பகுதியைத் தாண்டினால் தீவின் பெரும்பகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலம். 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, பழங்குடி அல்லாதவர் அங்கே நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் நிலத்தில் எந்த உரிமையும் பெற விடாது. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யவும் விடாது. வாங்க ஆள் இல்லாத இடத்தில் ஏலம் எப்படி நடக்கும்? கார் நிக்கோபாரில் நிலமும் தென்னையும் தனி ஆளுடையது அல்ல, துஹெட் என்னும் கூட்டுக் குடும்பத்துடையது. ஒருவர் பட்ட கடனுக்கு எந்த மரம் அவருடையது என்று சுட்டிக்காட்டுவதே பெரும்பாடு. ராஜீவ் நகரில் இருக்கும் நிக்கோபாரியரிடம் ஒரு கடைக்காரர் டிக்ரி வாங்கினால், எட்டிப் பிடிக்க அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்படி இருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. தேங்காய்க்குத் துணியும் அரிசியும் கடனாகக் கொடுத்து மக்களைக் கட்டிவைத்த கதை இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல.

வருமானத்துக்கு வருவோம். கேம்பல் பேயில் பணம் மாதா மாதம் நான்கு வாய்க்கால்களில் ஓடுகிறது. ஓய்வூதியம், படைச் சம்பளம், அரசுச் சம்பளம், கூலி. இவற்றில் முழுதாகத் திறந்து கிடக்கும் வாய்க்கால் ஒன்றுகூட இல்லை.

ஐ.என்.எஸ். பாஸில் பணிபுரியும் மாலுமியின் சம்பளத்தையும் படிகளையும் சிவில் நீதிமன்றம் தொட முடியாது. தரை, கடல், வான் படையினர் மூவருக்கும் இந்த விலக்கு. முன்னாள் படைவீரரின் ஓய்வூதியத்துக்கு இரட்டைப் பூட்டு. 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆவது பிரிவு ஒன்று, 60ஆவது பிரிவு இன்னொன்று. கூலித் தொழிலாளியின் கூலி, பணமாக இருந்தாலும் நெல்லாக இருந்தாலும், முழுவதும் விலக்கு. திறன் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. டி.ஆர்.எம். ஒருவரின் தினக்கூலிக்கு இதைக் கேட்டு நிற்கலாம். வருங்கால வைப்பு நிதி, பி.பி.எஃப்., கடனாளியின் ஆயுள் காப்பீட்டுத் தொகை ஆகியவையும் எட்டாதவை. வங்கியில் போட்ட சாதாரண நிரந்தர வைப்பு எட்டும்.

மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்றால், 39,000இல் மூன்றில் ஒரு பங்கான 13,000 ரூபாயைப் பிடிக்கலாம். ஆனால் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்த பிறகு, அந்த டிக்ரிக்கு அந்தச் சம்பளம் நிரந்தரமாக விடுதலையாகிறது. 13,000 வீதம் 24 மாதம்: 3,12,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு டிக்ரி வாங்கியவர் சம்பளத்தை மட்டும் நம்பினால் மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாகப் பார்க்கமாட்டார். வேறு வேறு டிக்ரிகள் வரிசையில் நின்றாலும், 24 மாதப் பிடித்தத்துக்குப் பின் 12 மாதம் இடைவெளி உண்டு. ஜீவனாம்ச டிக்ரிக்கு இந்தக் கரிசனம் இல்லை. அங்கே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் விலக்கு, மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மனைவி மக்களின் சோறு கடைக்காரரின் பாக்கிக்கு முந்தியது என்று சட்டம் நினைப்பது சரியே. இந்த 1,000 ரூபாய் என்ற எண் 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது, அதற்கு முன் 400. இன்றைக்கு அந்த ஆயிரம் அரிசி மூட்டைக்கும் போதாது.

சம்பளமும் ஓய்வூதியமும் வங்கிக் கணக்கில் விழுந்த மறு நிமிடம் அவற்றின் கதி என்ன என்பதுதான் இந்தத் துறையின் மிகச் சுவையான சண்டை. சட்டம், ‘செலுத்தத்தக்கதாகும் முன்போ பின்போ’ என்ற அளவில் பேசுகிறது. செலுத்தி முடித்த பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வருங்கால வைப்பு நிதி பற்றிய 1976ஆம் ஆண்டு வழக்கிலும், விமானப்படை அதிகாரி ஒருவரின் ஓய்வூதியம் பற்றிய 1987ஆம் ஆண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பை அரசின் கையில் பணம் இருக்கும் காலத்தோடு இணைத்துப் பேசியது. 2008இல் ராதே ஷ்யாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் போக்கு மாறியது. பணிக்கொடையும் ஓய்வூதியமும் நிரந்தர வைப்பாக மாறி வங்கியில் கிடந்தாலும் அவற்றின் குணம் மாறாது, ஜப்தி செய்ய முடியாது என்றது நீதிமன்றம். முதியவர்களுக்கு நிம்மதியான தீர்ப்பு. கூடவே ஒரு வேலை வைக்கிறது. ஓய்வூதியம் வரும் கணக்கிலேயே பாக்கு விற்ற பணமும் மகன் அனுப்பிய பணமும் கலந்துவிட்டால், எது ஓய்வூதியம் என்று பிரித்துக் காட்டும் சுமை முதியவர் தலையில் விழும். வழக்கில் மாட்டியிருப்பவர் ஓய்வூதியத்துக்கு என்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்த வேலிகளையெல்லாம் தாண்டிப் பிடிக்க மீதி என்ன? கடைச் சரக்கு, வண்டி, வீட்டு மின்சாதனம், வங்கியில் கிடக்கும் பாதுகாப்பற்ற பணம், கடனாளிக்கு மற்றவர் தர வேண்டிய பாக்கி, ஆண்களின் நகை. அசையும் பொருளை நேரில் எடுத்துத்தான் ஜப்தி செய்ய வேண்டும். அமீனா சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. எடுத்ததைப் பத்திரமாக வைக்க வேண்டும், பிறகு ஏல அறிவிப்பு ஒட்டிக் குறைந்தது ஏழு நாள் காத்திருக்க வேண்டும். நிலபுலன் என்றால் பதினைந்து நாள். மீன் மாதிரி சீக்கிரம் கெடுவதை மட்டும் உடனே விற்கலாம். தமிழ்நாட்டில் இது பழகிய காட்சி: விபத்து இழப்பீடு தராத அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை அமீனா பேருந்து நிலையத்திலேயே மடக்க, பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி நிற்க, மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். பெரும்பாலும் கழகம் பணத்தைக் கட்டிவிடும். அங்கே ஜப்தியின் பலம் பேருந்தின் விலையில் இல்லை, ஊர் பார்க்கிறதே என்ற வெட்கத்தில் இருக்கிறது.

கேம்பல் பேயில் அந்த வெட்கம் இரண்டு பக்கமும் வெட்டும். சிறிய ஊர். ஏலத்தில் கூட்டாளியின் ஸ்கூட்டரைக் கேட்க எவன் கை தூக்குவான்? வெளியூர் வாங்குபவர் ஒரு பழைய ஃபிரிட்ஜுக்காக மூன்று நாள் கப்பலேறி வரமாட்டார். பொருளைப் போர்ட் பிளேருக்கு அனுப்பி விற்கச் சரக்குக் கட்டணம் யார் கட்டுவது? சென்னையில் டிக்ரி வாங்கியவருக்கு இன்னும் ஒரு படி அதிகம். டிக்ரி கொடுத்த நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே நிறைவேற்ற முடியாது. டிக்ரியை அந்தமானின் உரிய நீதிமன்றத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே மேலிருப்பது கல்கத்தா உயர் நீதிமன்றம். காலக்கெடு 12 ஆண்டு என்பதால் பொறுமைசாலிக்கு நேரம் இருக்கிறது. கப்பல் டிக்கெட்டுக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சொத்து கிடைக்காவிட்டால் ஆளைப் பிடிக்கலாமே என்று தோன்றும். சிவில் சிறை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம், 2,000க்குக் கீழ் கிடையவே கிடையாது. பணக்கடன் டிக்ரிக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. கைதானவரின் சாப்பாட்டுச் செலவை டிக்ரிதாரர்தான் கட்ட வேண்டும், உள்ளே இருந்து வந்ததால் கடனும் தீராது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் இறுக்கிப் பூட்டினார். கையில் பணம் இல்லை என்பது குற்றம் ஆகாது, இருந்தும் தராமல் ஏய்க்கும் நேர்மையின்மை தெரிந்தால்தான் சிறை என்பது அவர் தீர்ப்பின் சாரம். கொச்சியிலிருந்து போன வங்கிக் கடன் வழக்கு அது, இன்றும் ஈ.பி. விசாரணைகளில் கடனாளித் தரப்பு முதலில் எடுக்கும் தீர்ப்பு.

இவ்வளவையும் கடன் கொடுப்பவர் அறியாதவரா? அறிந்தவர். அதனால் அவர் டிக்ரியை நம்பிக் கடன் கொடுப்பதில்லை. முதலில் தங்கம் கேட்கிறார். அடகு வைத்த நகைக்கு 60ஆவது பிரிவு துணைக்கு வராது, ஏனென்றால் அங்கே ஜப்தியே தேவையில்லை. வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கதை. அடமான டிக்ரிக்கு விவசாயி வீட்டு விலக்கு தடையாகாது என்பதுதான் பெரும்பாலான நீதிமன்றங்களின் நிலை. அடுத்து, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை. சிவில் பாதையில் மூன்று மாதச் சிறைக்கே அவ்வளவு தடை இருக்க, காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம். பெண்ணுக்கு விலக்கில்லை. ஏழைக் கடனாளியைச் சிறையிலிருந்து காப்பாற்றிய சட்டம், பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

மூன்றாவது, ஜாமீன் கையெழுத்து. படகுக்காரருக்குக் கடன் வேண்டும் என்றால் சம்பளக்கார அரசு ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடனாளியை முதலில் துரத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேராக ஜாமீன்தாரரிடம் போகலாம் என்று 1968இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கூலிக்காரரின் கூலிக்கும் விவசாயியின் வீட்டுக்கும் முன்னாள் வீரரின் ஓய்வூதியத்துக்கும் கொடுத்த பாதுகாப்பின் விலையைப் பள்ளி ஆசிரியரும் பொதுப்பணித் துறை எழுத்தரும் தம் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கால் கட்டுகிறார்கள். பட்டியலை எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. விலக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விலக்கு பெற்றவருக்கு முறையான கடன் கிடைக்க வழி செய்யாமல் விலக்கு மட்டும் கொடுத்தால், சுமை நட்பின் பெயரில் பக்கத்து வீட்டுக்கு நகர்கிறது. கடனே வாங்காதவர் சம்பளம் பறிபோய் நிற்கும் இந்த நிலைதான் சிறிய ஊர்களில் நட்பை உடைக்கிறது.

தமிழ்நாடு இந்தப் பிரச்சினையை வேறு கையால் பிடித்தது. ராஜாஜி அரசின் 1938ஆம் ஆண்டு விவசாயிகள் நிவாரணச் சட்டம் கடன் தொகையையே வெட்டிக் குறைத்தது. 1970களின் இறுதி வரையிலும் அதற்குப் பின்னும் கடன் நிவாரணச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. கந்து வட்டிக்கு எதிராக 2003இல் ஒன்று, கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலுக்கு எதிராக 2025இல் ஒன்று. இவற்றில் எதுவும் வங்கக் கடலைத் தாண்டிப் போவதில்லை. கேம்பல் பேத் தமிழருக்குக் கிடைப்பது மாநிலத் திருத்தம் எதுவும் படாத மொட்டை 60ஆவது பிரிவு. நமக்கு இந்த நடைமுறையைக் கற்றுக் கொடுத்த இங்கிலாந்தோ பட்டியலைப் புதுப்பித்துவிட்டது. அங்கே 2013ஆம் ஆண்டு விதிகளின்படி தொழிலுக்குத் தேவையான கருவி, வாகனம், கணினி, தொலைபேசி எல்லாமாகச் சேர்த்து 1,350 பவுண்டு வரை விலக்கு. யார் விவசாயி, யார் கைவினைஞர் என்று அவர்கள் கேட்பதில்லை. அந்த மாதிரி ஒரு வரி இங்கே வந்தால் டுங்கி இஞ்சினும் ஆட்டோவும் ஒரே அடியில் பிழைக்கும்.

கடனாளியாக நிற்பவருக்குப் பட்டியலை விட முக்கியமான சில விஷயங்கள் உண்டு. விலக்கு தானாக வந்து நிற்காது. நான் விவசாயி, இது நான் குடியிருக்கும் வீடு என்று அவர்தான் நீதிமன்றத்தில் சொல்லி நிரூபிக்க வேண்டும். கடன் வாங்கும்போது ‘எந்த விலக்கும் கோரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த வரி செல்லாது. சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேட்டால் தாக்கல் செய்தே ஆக வேண்டும், மீறினால் அதற்கே மூன்று மாதம் வரை சிவில் சிறை. டிக்ரிக்குப் பிறகு வெளியே கொடுத்த பணத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்ய 30 நாள்தான். பதிவாகாத பணத்தை ஈ.பி. நீதிமன்றம் கண்ணெடுத்தும் பார்க்காது. கையில் கொடுத்துவிட்டு, ‘அண்ணே, கணக்குல வச்சுக்கோங்க’ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் இரண்டு முறை கட்டியிருக்கிறார்கள். நிலபுலன் ஏலம் போன பிறகும் 60 நாளுக்குள் முழுத் தொகையும், ஏலம் எடுத்தவருக்கு 5 சதவீதமும் கட்டினால் சொத்து திரும்பும். எல்லாம் கைமீறினால் மஞ்சள் கடுதாசி இருக்கிறது. தனிநபர் திவாலுக்கு இன்னும் நடப்பில் இருப்பது 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். அதில் திவால் கோர வேண்டிய குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய். அங்கேயும் 60ஆவது பிரிவின் விலக்குகள் அப்படியே தொடரும்.

கேம்பல் பேயில் இனி ஒரு புதிய வகைச் சொத்து உருவாகப் போகிறது. பெரிய நிக்கோபார் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கலத்தியா விரிகுடாவில் துறைமுகம், காந்தி நகர், சாஸ்திரி நகர் பக்கம் விமான நிலையம். குடியேறியவர்களின் நிலத்துக்கும் வீட்டுக்கும் இழப்பீடு வரும். உழுதவரின் வீடு வீடாக நிற்கும் வரை ஜப்திக்கு எட்டாது. அரசு அதை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பணம் தரும்போது, அந்தப் பணம் கடனாளிக்கு மூன்றாம் ஆள் தர வேண்டிய பாக்கி. அதைத் தன்னிடம் திருப்பிவிடச் சொல்லி டிக்ரிதாரர் 21ஆவது கட்டளையின் 46-அ விதியில் மனுப் போடலாம். விலக்குப் பட்டியலில் இழப்பீடு என்ற சொல் இல்லை. ஓய்வூதியம் வைப்பு நிதியாக மாறினாலும் ஓய்வூதியமே என்ற 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வாதத்தை, வீடு பணமாக மாறினாலும் வீடே என்று நீட்டிப் பார்க்க ஒரு வக்கீலுக்கு இடம் உண்டு. ஆனால் அங்கே பிரிவின் சொற்கள் ஓய்வூதியத்தைப் பணமாகவே பேசுகின்றன. வீட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் சுவரும் மனையும் அதில் குடியிருக்கும் ஆளும் மட்டும்தான் வருகிறார்கள்.